கேளுங்கள் சொல்கிறேன்: ரெடிட்டைப் பூட்டிய இரண்டு நாட்கள்

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகன், ‘2023-ல் ரெடிட்டில் நாங்கள் ஸ்டிரைக் பண்ணினோம்’ என்று பெருமையாகச் சொல்கிறான். சம்பளமே வாங்காதவர்கள் எப்படி ஐயா ஸ்டிரைக் செய்ய முடியும்?
*வாசகர், தென்காசி*

நல்ல கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் காஷியராக இருந்து, சங்கத்தில் கொடி பிடித்தவன் என்ற முறையில் எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது.

ரெடிட்டை, வரிசையாகத் திண்ணை வைத்த ஒரு பெரிய தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திண்ணையில் சமையல் பேச்சு, அடுத்ததில் பழைய கேமரா, அதற்கடுத்ததில் விவாகரத்துப் புலம்பல். ஒவ்வொரு திண்ணையையும் பெருக்கி, வம்பு பேசுகிறவனைக் கிளப்பிவிட்டு, திருட்டு விளம்பரத்தைக் கிழித்துப் போடுகிறவர்கள் மாடரேட்டர்கள். அவர்களுக்குப் பத்துப் பைசா சம்பளம் கிடையாது. திண்ணைக்கு மேலே பேனர் கட்டிக் காசு பார்ப்பது கம்பெனி.

2005-ல் தொடங்கிய தளம், தன் முழுமையான மொபைல் செயலியைக் கொண்டுவர 2016 ஆனது. அதற்கு முன் போனில் படித்தவர்களைத் தாங்கிப் பிடித்தவை ‘ரெடிட் இஸ் ஃபன்’ போன்ற வெளியார் செயலிகள். பிறகு ஐபோனுக்கு அப்போலோ வந்தது. இவை எல்லாம் ஏபிஐ என்ற பின்பக்க ஜன்னலைத் தட்டிப் பதிவுகளை வாங்கி, தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டும். ஜன்னலில் பல வருடமாகக் கட்டணம் இல்லை. 2023 ஏப்ரலில், இனிமேல் காசு என்று அறிவித்தார்கள். மே மாதக் கடைசியில் விலை தெரிந்தது: 5 கோடி தட்டலுக்கு 12,000 டாலர். அப்போலோ மாதம் 700 கோடி தடவை தட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிட்டத்தட்டத் தனி ஆளாக நடத்திய கிறிஸ்டியன் செலிக், வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார். பழைய காஷியர் புத்தி போகுமா, நானும் போட்டுப் பார்த்தேன். 700-ஐ 5-ஆல் வகுத்தால் 140. அதை 12,000-ஆல் பெருக்கி, பிறகு 12-ஆல் பெருக்குங்கள். சரியாகத்தான் வருகிறது. ஜூலை 1 முதல் அமல் என்பதால், ஏற்பாடு செய்துகொள்ளக் கையில் இருந்தது ஒரு மாதம்.

அதனால் ஜூன் 12-ஆம் தேதி 8,000-க்கும் மேற்பட்ட குழுக்களை, அதாவது திண்ணைகளை, அவற்றின் மாடரேட்டர்கள் வெளியார் பார்க்க முடியாதபடி ‘தனிப்பட்டது’ என்று மாற்றிப் பூட்டினார்கள். ஒரே நேரத்தில் இத்தனை கதவு சாத்தப்பட்டதில் தளமே சில மணி நேரம் படுத்துவிட்டது. கூகுளில் எதையாவது தேடி ரெடிட் பதிலைத் தட்டியவர்களுக்கும் பூட்டிய கதவுதான். சம்பளம் வாங்காதவனும் வேலையை நிறுத்தினால் வலிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. உங்கள் பையன் பெருமைப்படட்டும், தப்பில்லை.

சரி, ஜெயித்தார்களா?
*வாசகி, கும்பகோணம்*

இல்லை. காரணம் எனக்கு அறிவிப்பைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது: ‘48 மணி நேரம்’ என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் வங்கியில் இதற்கு அடையாள வேலைநிறுத்தம் என்று பெயர். தேதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். மேனேஜர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார். முதல் நாள் சாயங்காலம் நான் கிளம்பும்போது, “தம்பி, நாளன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க, கிளியரிங் ரெண்டு நாளுது சேர்ந்திருக்கும்” என்பார், கோபமே இல்லாமல். மறுநாள் வாசலில் தொண்டை வறளக் கத்துவோம். அதற்கு மறுநாள் மேஜைமேல் செக்குக் கட்டுகள் இரட்டிப்பாக உட்கார்ந்திருக்கும். கத்தின அதே ஆட்கள்தான் ராத்திரி எட்டு மணிவரை அதைப் பிரித்து அடுக்குவோம். ஒரு நாள் சம்பளமும் போயிருக்கும்.

ரெடிட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஊழியர்களுக்கு அனுப்பிய குறிப்பில், முன்பு வந்த கலாட்டாக்களைப் போல இதுவும் கடந்துபோகும் என்று எழுதியிருந்தது வெளியே வந்தது. எங்கள் மேனேஜரேதான்! காலவரையற்ற பூட்டு என்று அறிவித்த குழுக்களும் இருந்தன. அவர்களிடம், திறக்கிறீர்களா, வேறு ஆளைப் போடட்டுமா என்ற தொனியில் கம்பெனி பேச ஆரம்பித்தது. சில இடங்களில் மாடரேட்டர்களை நீக்கவும் செய்தது. ஜூன் 30-உடன் அப்போலோவும் ரெடிட் இஸ் ஃபன்னும் மூடப்பட்டன. 2024 மார்ச்சில் பங்கு 34 டாலருக்குச் சந்தைக்கு வந்து முதல் நாளே ஐம்பதைத் தாண்டி முடிந்தது. அதே வருடம் செப்டம்பர் கடைசியில், குழுவைத் தனிப்பட்டதாக மாற்ற இனி கம்பெனியின் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. ஸ்டிரைக்குக்குப் பயன்பட்ட பூட்டையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. பார்வையற்ற பயனர்களின் குழு, கம்பெனியின் சொந்தச் செயலி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு ஒத்துவரவில்லை, அதில் எங்களால் குழுவை நடத்தவே முடியாது என்று விடாமல் பேசியது. லாப நோக்கமில்லாத ரெட்ரீடர், டிஸ்டோபியா போன்ற செயலிகளுக்குக் கட்டண விலக்கு வந்தது. பூட்டை விட, என்ன வேலை நின்றுபோகும் என்று குறிப்பாகச் சொன்னதுதான் அங்கே பலித்தது என்பது என் கட்சி.

மாடரேட்டர்களை ஜமீன்தார்கள் என்று ஹஃப்மன் சொன்னாராமே?
*வாசகர், புதுச்சேரி*

கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் வந்து இடம் பிடித்தவர்கள் பரம்பரை நிலக்கிழார்போல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை ஓட்டுப் போட்டு நீக்க வழி வேண்டும் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். நம் சங்கத் தலைவர்கள் சிலரை நினைத்துக்கொண்டால் முழுப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வாடகை வாங்கியவர் யார் என்று கேட்டால் ஜமீன் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஜனநாயகம்தானே, இதோ என்று சில குழுக்கள் உடனே வாக்கெடுப்பு நடத்தின. படங்கள் போடும் ‘பிக்ஸ்’ குழுவில், இனி ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளரின் படம் மட்டுமே போடலாம் என்று முடிவானது. அவரும் தன் கோமாளிப் படங்களைப் போட்டு ஆதரவு கொடுத்தார். விதிப்படி குழு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போனால் ஒரே மனிதர்! விதியைச் சுத்தமாகக் கடைப்பிடித்தே வேலையை ஸ்தம்பிக்க வைப்பதை நாங்கள் ‘விதிப்படி வேலை’ என்போம். அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பயனர்கள் ஜெயித்த கதை ஏதாவது உண்டா?
*வாசகர், மதுரை*

டிக் என்று ரெடிட்டைப் போலவே ஒரு தளம் இருந்தது. 2010 ஆகஸ்டில் அது தன்னைத் தலைகீழாக மாற்றிக்கொண்டபோது, கோபப்பட்ட பயனர்கள் அதன் முகப்புப் பக்கத்தையே ரெடிட் இணைப்புகளால் நிரப்பினார்கள். அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு ரெடிட்டுக்கே போய்விட்டார்கள். அவர்களுக்குப் போக எதிர்வீடு இருந்தது. 2023-ல் அந்த எதிர்வீட்டுக்காரரே வீட்டுக்காரராகிவிட்டார், பக்கத்தில் அவ்வளவு பெரிய வீடு காலியாக இல்லை.

2006 ஃபேஸ்புக் கதையும் உண்டு. நியூஸ் ஃபீட் வந்ததை எதிர்த்த குழுவில் சில நாளில் ஏழு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவ்வளவு பேருக்கும் குழுவைக் காட்டிக்கொடுத்ததே அந்த நியூஸ் ஃபீட்தான். மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு, அந்தரங்கத்துக்குச் சில பொத்தான்கள் கொடுத்தார். ஃபீட் போகவில்லை. நீங்கள் காலையில் எழுந்ததும் விரலால் தள்ளுவது அதைத்தான்.

வாட்ஸ்அப் கொள்கையை எதிர்த்து நாம் எல்லோரும் சிக்னலுக்கு மாறினோமே, அது?
*வாசகி, திருச்சி*

‘நாம் எல்லோரும்’ என்பதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா! பயனர் தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிர்வது பற்றிய அந்தக் கொள்கைக்கு 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, ஒப்புக்கொள்ளப் பிப்ரவரி 8 கெடு. எதிர்ப்பில் கெடுவை மே 15-க்குத் தள்ளினார்கள், அது உண்மை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்தக் கொள்கைக்காக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அது மேல்முறையீட்டுக்குப் போனது.

எங்கள் குடியிருப்பில் அந்த ஜனவரியில் 41 பேர், வாட்ஸ்அப்புக்குப் போட்டியான சிக்னல் செயலியில் குழு தொடங்கினோம். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், எல்லாம் இனி இங்கேதான் என்று செயலாளர் எழுதினார். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். கடைசியாக இருப்பது பி பிளாக் மாமி போட்ட பொங்கல் வாழ்த்து, ஜனவரி 14. கீழே நான் ஒரு கரும்புப் படம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மோட்டார் ரிப்பேர், தண்ணீர் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது வாட்ஸ்அப்பில்.