ஓட்டமும் ஓமோனும்: குதிரை வளர்ப்போர் கேள்வி–பதில்

திருகோணமலைப் பக்கத்திலிருந்து குதிரை பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கடற்கரைச் சவாரிக்காக இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்று சோர்ந்துபோய், தீனியில் பாதியை மிச்சம் வைக்கிறது. சவாரி முடிந்த கையோடு குருதி எடுத்துப் பார்த்ததில் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடவாம். வேலையை நிறுத்திவிட வேண்டுமா? (நிலாவெளி வாசகர்)

பதில்: அந்த ஓர் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓடிய குதிரைக்குக் கோட்டிசோல் ஏறத்தான் வேண்டும். கபச்சுரப்பி விடும் ஏ.சி.ரி.எச். என்ற ஓமோன் அதிரீனற் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து கோட்டிசோல் வருகிறது. ஈரல் குளுக்கோசு ஆக்குவதற்கும் கொழுப்புக் கரைந்து தசைக்குப் போவதற்கும் அது தேவை. அதன் உச்சம் ஓட்டம் நின்ற பிறகு, ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடத்தில் வரும். நீங்கள் குருதி எடுத்ததும் அந்த ஏற்றத்தின் வேளையில்தான். அதோடு, இந்த ஓமோன் இயல்பாகவே காலையில் கூடி மாலையில் குறையும். லொறியில் ஏற்றி இறக்கினாலும் ஏறும். சோதிப்பதானால் ஓய்வு நாளில், வேலைக்கு முன், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: நெடுநாள் மிகை வேலையில் களைத்த குதிரையில் இந்த ஏற்றம் மந்தமாகவும் போகலாம். ஆகவே எண் குறைவாக வந்தாலும் நிம்மதியடைய முடியாது.

குருதியைவிட இதயம் தெளிவாகப் பேசும். இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44. இலேசான சவாரி முடிந்து 10 நிமிடத்தில் 60க்குக் கிட்ட இறங்க வேண்டும். அரை மணி கழித்தும் 64க்கு மேல் நின்றால் வேலை அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, அல்லது உடலில் நீர் வற்றியிருக்கிறது, அல்லது எங்கோ வலி. தீனியை மிச்சம் வைப்பதற்குப் பல், குடற்புழு, இரைப்பைப் புண் ஆகியவையும் காரணமாகலாம். அவற்றை மிருக வைத்தியர் பார்க்கட்டும்.

உங்கள் இடத்தில் தூரத்தைவிட நேரம்தான் முக்கியம். ஒரே தூரம் ஓடினாலும் நண்பகலில் உடல் சூடேறுவது கூட, கோட்டிசோலும் அதிரினலினும் ஏறுவதும் கூட. காலை 8 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் புதையும் உலர்மணலை விட்டு, அலை நனைத்து இறுகிய மணலில் போங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்திலொன்றைத் தாண்டக் கூடாது.

உப்பு விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மனித வியர்வையில் உப்புக் குறைவு. வியர்க்க வியர்க்க நம் குருதி செறிவாகி, தாகம் எடுக்கிறது. குதிரை வியர்வையில் நீரோடு உப்பும் பெருமளவில் போய்விடுவதால் குருதியின் செறிவு அவ்வளவாக ஏறாது, தாகமும் மந்தம். அல்டொஸ்தரோன் என்ற ஓமோன் சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும், ஆனால் போனதை அது திருப்பித் தராது. தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லை, ஆகவே தாகமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 300 கிலோ குதிரைக்கு ஓய்வு நாளில் 15–20 கிராம் சாதாரண உப்பு, நன்றாக வியர்த்த நாளில் அதைப்போல் இரு மடங்கு, தீனியில் கலந்து கொடுங்கள். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.

கேள்வி: ஓடும்போது குதிரையின் மண்ணீரல் சுருங்கும் என்று ஆசிரியர் சொன்னார். அதனால் என்ன பயன்? (உயர்தர உயிரியல் மாணவி, திருகோணமலை)

பதில்: குதிரையின் மண்ணீரல் பெரியது, அதன் உறையில் தசை நிறைய உண்டு. செங்குருதிக் கலங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அங்கே சேமிப்பில் இருக்கும். அதிரினலினும் நோர்அதிரினலினும் வந்ததும் உறை சுருங்கி அவற்றைச் சுற்றோட்டத்துக்குள் தள்ளுகிறது. ஓய்வில் குருதியின் 35–40 சதவீதமாக இருந்த செங்கலப் பங்கு, நாலுகால் பாய்ச்சலில் 60–65க்கு ஏறும். இதயத்துடிப்பும் நிமிடத்துக்கு 220–240 வரை போவதால் தசைக்குச் சேரும் ஒட்சிசன் பன்மடங்காகிறது. மனித மண்ணீரல் சிறியது, அதன் உறையில் தசையும் சொற்பம். அதனால் நம்மில் இது பெரிதாகத் தெரிவதில்லை. குதிரை மிரண்டாலே இது நடக்கும். மிரண்ட நேரத்தில் எடுத்த குருதியைப் பார்த்து இரத்தச்சோகை இல்லை என்று ஏமாந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் மட்டக்குதிரை கொழுத்து, பிடரி தடித்துக் கிடக்கிறது. ஒரு வாரமாக முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே போட்டு நிற்கிறது. தவிடு, மிச்சப் பாண், பனங்கட்டி எல்லாம் தின்னும். தினமும் ஓட்டினால் கொழுப்புக் கரையும் என்கிறார்களே? (கிண்ணியா வாசகர்)

பதில்: தயவுசெய்து இப்போது ஓட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் நிற்பு லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோயின் அடையாளம். மாப்பொருளும் சீனியும் கூடிய தீனியால் இன்சுலின் எந்நேரமும் உயர்ந்திருந்தால், குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்மடிப்புகள் தளர்ந்துபோகும். அந்த நிலையில் ஓட்டினால் அவை கிழிந்து எலும்பு கீழே இறங்கும். கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வையுங்கள். நாடி அடிப்பது தெளிவாகத் தெரிந்தால் இன்றே மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் வரும்வரை ஆழமான மென்மணலில் நிறுத்துங்கள்.

தவிடு, பாண், பனங்கட்டி மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் பட்டினி போடக் கூடாது. கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் கொழுப்பு மொத்தமாகக் குருதிக்குள் இறங்கி ஈரல் கெட்டு, உயிரே போகலாம். எடையை நாடாவால் கணக்கிடலாம்: முன்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 265 கிலோ. அதற்கு நாளொன்றுக்கு எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள், அதாவது ஏறத்தாழ நாலு கிலோ; காய்ந்த புல்லிலும் சற்று ஈரம் இருப்பதால் நாலரைக் கிலோ அளவு புல். அரை மணி முதல் ஒரு மணி வரை நீரில் ஊறவிட்டு, சீனி கரைந்த அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். நம் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் புளித்துவிடும்.

குளம்பு உறுதிப்பட்டுவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு, வலிமருந்து இல்லாமலே ஒழுங்காக நடக்கும்போது, உடற்பயிற்சிதான் நல்ல துணை. சுருங்கி விரியும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோசை உள்ளிழுக்கும். பழக்கப்பட்ட தசைக்கு ஓய்விலும் குறைந்த இன்சுலின் போதும். சதையி அளவுக்கு மீறிச் சுரக்க வேண்டியதில்லை. மென்தரையில் 10 நிமிடம் கையில் பிடித்து நடத்துவதில் தொடங்குங்கள். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, ஆள் ஏறாமல் வேகமான ட்ரொட் (துள்ளுநடை), கான்டர் (மெதுவான பாய்ச்சல்) என்று இதயத்துடிப்பு 110–150 வரும்படி அரை மணிக்கு மேல், வாரம் மூன்று நாளுக்கு மேல் என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். குளம்பு நோயே வராத கொழுத்த குதிரையென்றால் 130–170 துடிப்பில் வாரம் ஐந்து நாளுக்கு மேல். நிறுத்தினால் பலனும் போய்விடும். தீனியைக் குறைக்காமல் ஓட்டம் மட்டும் போதாது.

கேள்வி: சவாரிக்கு எவ்வளவு நேரத்துக்கு முன் சோளம், கொள்ளு கொடுக்கலாம்? (மூதூர் வாசகர்)

பதில்: மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன். தானியம் தின்று இரண்டு மணி நேரமளவில் இன்சுலின் உயர்ந்து நிற்கும். அப்போது ஓட்டினால் இன்சுலினும் தசையும் சேர்ந்து குளுக்கோசை இறக்கிவிடும். கொழுப்பு கரைவதையும் இன்சுலின் தடுக்கும். குதிரை சீக்கிரம் களைக்கும். புல் அப்படியல்ல. வெறும் வயிற்றில் ஓடினால் இரைப்பை அமிலம் மேலே தெறிக்கும் என்பதால், புறப்படுமுன் அரைக் கிலோ காய்ந்த புல் கொடுப்பது நல்லதே.

கேள்வி: கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் குதிரை ஓடியும் வியர்ப்பதில்லை, மூச்சுத்தான் வாங்குகிறது. தைரொட்சின் குறைவு, மருந்து கொடு என்கிறார் ஒருவர். (குச்சவெளி வாசகர்)

பதில்: வைத்தியர் சொல்லாமல் தைரொட்சின் கொடுக்காதீர்கள். வளர்ந்த குதிரையில் தைரொயிட்டுச் சுரப்பி உண்மையாகவே குன்றுவது அரிது. வேறு நோயிலும், பியூட் என்ற வலிமருந்தாலும்கூட குருதியில் தைரொட்சின் அளவு இறங்கும். குதிரையின் வியர்வைச் சுரப்பியை இயக்குவது அதிரினலின். வெக்கை நாட்கணக்கில் நீடித்து, அந்தத் தூண்டல் ஓயாமல் விழ, சுரப்பி பதிலளிக்காமல் போகிறது. பிடரிக்கும் சேணத்துக்கும் கீழே மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்த தோல் என்றால் இதுவே என்று ஐயப்படலாம். தோலுக்குள் ரெர்பியூட்டலின் மருந்தைச் சிறு சிறு அளவில் ஏற்றி, அந்த இடங்கள் வியர்க்கின்றனவா என்று வைத்தியர் சோதிப்பார்.

அதுவரை சவாரி வேண்டாம். நிழலும், லாயத்தில் மின்விசிறியும் வேண்டும். மலவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள்: இயல்பு 37.2 முதல் 38.5 பாகை செல்சியசு. 40ஐத் தாண்டினால் உடல் முழுவதும் குளிர்நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். உடலில் உள்ள நீரை வழித்துவிடுவதற்காக இடையில் நிறுத்தாதீர்கள். சூடான குதிரைக்குக் குளிர்நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். கடலில் இறக்கினாலும் குளிரும், ஆனால் பிறகு நன்னீரால் உப்பைக் கழுவிவிடுங்கள். மீண்டும் தொடங்கும்போது விடியற்காலையில் 10 நிமிட நடை மட்டும்; நடைக்கு முன்னும் பின்னும் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். நடை முடிந்து அரை மணியில் 39க்குக் கீழே இறங்காவிட்டால், கச்சான் ஓயும்வரை அந்தக் குதிரைக்கு வேலை வைக்காதீர்கள்.