டிவியோடு இணைக்கும் மீடியா பிளேயர் பெட்டியில் ஓடாத வீடியோக்களை எல்லாம் எம்பி4 ஆக மாற்ற எந்த மென்பொருள் நல்லது?

எல்லாவற்றையும் ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில் சில நன்றாக ஓடுகின்றன, சில ஓடவே இல்லை, சிலவற்றில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு மூன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கன்வர்ட்டர் தேடுகிறீர்கள். தயவுசெய்து இன்று இரவு எதையும் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

நான் இந்தத் துறைக்காரன் இல்லை. சொந்தக்காரர்களில் யார் பென் டிரைவோடு அல்லாடினாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள், அந்த அனுபவம் மட்டும்தான். விஷயம் தெரிந்தவர்கள் படித்தால், நான் மேலோட்டமாகச் சொல்லியிருக்கும் இடங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்குப் புரிந்தால் போதும்.

எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் பொட்டலம். உள்ளே படம் ஒரு கோடெக்கில் (சுருக்கி எழுதும் முறை) இருக்கும், ஒலி வேறொன்றில் இருக்கும், சப்டைட்டில் தனியாக இருக்கும். பிளேயர் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான். கோப்புப் பெயரின் கடைசியில் எம்பி4 என்று திருத்துவதால் உள்ளே ஒன்றும் மாறாது. அதையும் செய்து பார்த்திருப்பீர்கள், எல்லோரும் செய்கிறார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் சித்தப்பா குரலே கேட்டது. டிவியோடு இணைக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தார். அட்டையில் "எல்லா ஃபார்மட்டும் ஓடும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் புளூரே டிஸ்க்குகளிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்களைப் (சொந்தக் காசில் வாங்கிய டிஸ்க்குகள், காப்புரிமை வகுப்பு எடுக்க யாரும் வர வேண்டாம்) போட்டால் படம் கண்ணாடி, சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. என்னைக் கேட்கத் தயக்கமோ என்னவோ, இலவசக் கன்வர்ட்டர் ஒன்றை இறக்கி, டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் பட்டியலில் இழுத்துப் போட்டு, லேப்டாப்பை இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார். "சத்தம் வந்துருச்சுப்பா" என்று போனில் ஒரே சந்தோஷம். நேரில் போய்ப் பார்த்தேன். சத்தம் வந்திருந்தது, படம் போயிருந்தது.

1920க்கு 1080 இருந்தது 1280க்கு 720 ஆகியிருந்தது. வினாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியதை 30 ஆக்கி வைத்திருந்ததால், கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் விக்கியது. இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. சப்டைட்டிலைக் காணவே காணோம்.

அழிக்காமல் தப்பியிருந்த ஒரு மூலக் கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்தேன், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. வீடியோ: ஏவிசி, அதாவது எச்.264, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, 8 பிட். எச்.264 படத்தின் கோடெக், மற்றவை அதன் உள் அளவுகள். புளூரேயின் வழக்கமான அளவுதான், அந்தப் பெட்டிக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆடியோ: டிடிஎஸ் என்ற ஒலிக் கோடெக். அவ்வளவுதான் விஷயம். டிடிஎஸ்ஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு. அதனாலேயே பல டிவிகளிலும் பெட்டிகளிலும் அது இருக்காது. அவிடீமக்ஸ் என்ற இலவச வீடியோ எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, இடப்பக்கம் வீடியோ அவுட்புட்டில் 'காப்பி', ஆடியோ அவுட்புட்டில் ஏசி3 (பெரும்பாலான பெட்டிகளுக்குப் புரியும் ஒலிக் கோடெக்), கீழே எம்கேவி என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். ஒரு முழுப் படம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. படத்தை அது தொடவே இல்லை, அப்படியே நகல் எடுத்து ஒலியை மட்டும் மாற்றியது.

சரி, புளூரே டிஸ்க் கையில் இருக்கிறது, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. பழைய டிஜிட்டல் டேப் கேம்கார்டரிலிருந்து கணினிக்கு ஏற்றி வைத்திருந்த வீட்டு வீடியோக்களையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும் கோப்புகள். இடத்தை அடைக்கிறது என்று, மாற்றி முடித்த கையோடு மூலத்தை அழித்தாயிற்று. டேப்பும் இல்லை, கேமராவும் இல்லை.

அந்தக் காலத்து வீடியோ இன்டர்லேஸ்டு. ஒவ்வொரு பிரேமிலும் ஒன்றுவிட்ட வரிகள் ஒரு கணத்தையும், மீதி வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். முதலில் டிஇன்டர்லேஸ் செய்துவிட்டுத்தான், அதாவது அந்த இரண்டு வகை வரிகளையும் முழுப் படங்களாக ஆக்கிவிட்டுத்தான், அளவை மாற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் அளவை மாற்றினால் இரண்டு வகை வரிகளும் கலந்துபோகும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. பாட்டி கையை நீட்டி யாரையோ திட்டும் காட்சி ஒன்று அதில் இருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. கை நகரும் இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிந்து கிடக்கிறது.

சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்த மென்பொருள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "மாற்று" என்று ஒரு பெரிய பச்சைப் பட்டனை வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துகொண்டது. இப்போது எல்லாமே இப்படித்தான். அவர் வீட்டு டிவி ஒருநாள் தானாக அப்டேட் ஆகி, முதல் திரையை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, யூஎஸ்பி டிரைவைத் திறக்கும் இடத்தை எங்கோ மெனுவுக்குள் புதைத்துவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய டிவி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினால் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். செய்தார், விளம்பரம் இன்னும் வேகமாக வந்தது. அதை விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓடாத ஒவ்வொன்றையும் மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். சத்தம் மட்டும் வராதவை பெரும்பாலும் மேலே சொன்ன கேஸ்தான், ஒலியை மட்டும் மாற்றுங்கள். படம் அடியோடு வராதவற்றில் எச்.265 என்றோ ஹெச்இவிசி என்றோ இருந்தால், பெட்டி பழையது என்று அர்த்தம். அந்தக் கோடெக் 2013இல் வந்தது, அதற்கு முந்தைய பெட்டிகளில் எதிர்பார்க்க முடியாது. ஐபோன் 7 முதலான மாடல்களில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமரா இயல்பாகவே அதில் பதிவு செய்கிறது. செட்டிங்ஸில் கேமரா ஃபார்மட்டை 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' ஆக்கினால் இனி எடுப்பவை பெரும்பாலும் எச்.264இல் வரும். எச்.264 என்று போட்டும் ஓடவில்லையா? பிட் டெப்த் (நிறத்தை எத்தனை பிட்டில் எழுதியிருக்கிறது என்பது) 10 என்று இருக்கிறதா பாருங்கள். 10 பிட் எச்.264ஐ அநேகமாக எந்தப் பெட்டியின் சிப்பும் தொடாது, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கன்வர்ட்டரை எடுங்கள். படத்தை அப்படியே நகல் எடுக்க அதனால் முடியாது, எதைக் கொடுத்தாலும் மறுபடி என்கோட் செய்துவிடும், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதிவிடும், தரம் கொஞ்சம் குறையும். அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன். எச்.264, லெவல் 4.1, ஒலிக் கோடெக் ஏஏசி, தரம் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'யில் 1080 வீடியோவுக்கு 20 முதல் 22 வரை. எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். பிரேம் ரேட்டை 'சேம் ஆஸ் சோர்ஸ்' என்றே விடுங்கள். ரேஞ்ச் என்ற இடத்தில் வினாடிக் கணக்கைக் கொடுத்து, நிறைய அசைவு இருக்கும் ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் மாற்றி, அதைப் பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள்.

போனில் நட்டுக்க எடுத்த வீடியோ டிவியில் படுத்துக்கொண்டு ஓடினால், கோப்பில் இருக்கும் 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பைப் பெட்டி மதிக்கவில்லை. அதையும் ஹேண்ட்பிரேக்கில் திருப்பி எடுக்கலாம். பெரிய கோப்பு பென் டிரைவில் ஏறவே இல்லை என்றால் அது ஃபார்மட் பிரச்சினையே அல்ல. டிரைவ் ஃபேட்32ஆக இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் முதலில் எஸ்ஆர்டி கோப்பை (சப்டைட்டில் இருக்கும் தனிக் கோப்பு) யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை. படத்தோடு சேர்த்துப் பொறித்துவிடுவதுதான் வழி, அதுவும் நகலில் மட்டும்.

"புதுப் பெட்டி வாங்கினால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பெரிய பதிலா" என்று கமென்ட் வரும், தெரியும். காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஜெல்லிஃபின் என்ற வீட்டு மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டால் அதுவே போகிற போக்கில் மாற்றிக் கொடுக்கும் என்பவர்களும் வருவார்கள். உண்மைதான், எப்போதும் ஓடிக்கொண்டிருக்க ஒரு கணினி வேண்டும், அவ்வளவுதான். கட்டளை தட்டி இயக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரே வரியில் முடியுமே என்பவர்களே, கேட்டவர் 'எந்த மென்பொருள்' என்று கேட்கும் நிலையில் இருக்கிறார், கறுப்புத் திரையைக் காட்டி அவரைத் துரத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இப்போதைக்கு இரண்டு. மூலக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். ஓடாத கோப்பு ஒன்றின் மீடியாஇன்ஃபோ விவரத்தையும் பெட்டியின் மாடல் எண்ணையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள். வெறுமனே 'ஓடவில்லை' என்பதை வைத்துக்கொண்டு யாராலும் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.