ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் நடை: முதலை ஏரி பற்றி வாசகர் கேள்விகள்

வியட்நாமின் தென்பகுதியில் இருக்கும் காட் தியென் தேசியப் பூங்காவில் ஒரு வழிகாட்டியோடு இரண்டு நாள் சைக்கிளிலும் நடந்தும் போய்வந்ததைச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கத்துக்குள் அடங்காததையெல்லாம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அந்தக் காட்டுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எனக்கு 58 வயது. கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்லை. இந்தப் பயணம் என்னால் முடியுமா?
– வாசகி, தாராபுரம்

முடியும். எனக்கு 61. உடுமலையில் ஆசிரியையாக இருந்தவரை தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஓய்வு பெற்றபின் மூன்று வருடம் அது திண்ணையில் காற்றிறங்கி நின்றது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு டியூப் மாற்றி, காலையில் தளி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் தொடை வலித்தது. ஒரு மாதத்தில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன்.

பூங்கா அலுவலகத்திலிருந்து முதலை ஏரிப் பாதை பிரியும் இடம்வரை 9 கிலோமீட்டர். பெரிய மேடு எதுவும் கிடையாது. அங்கே சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டுக் காட்டுக்குள் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எனக்கு நடைதான் கடினமாக இருந்தது. பாதை முழுக்க வேர், வழுக்குப் பாறை, குறுக்கே விழுந்த மரம். அதனால் சைக்கிளோடு சேர்த்து மேடுபள்ளத்தில் நடந்தும் பழகுங்கள். புதுச் செருப்போ புது ஷூவோ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பாதை ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு காசு கொடுத்து வழிகாட்டி எதற்கு?
– வாசகர், மதுரை

வழி தவறாமல் இருப்பதற்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு வந்தவர் முப்பது வயது இளைஞர், பூங்காவின் ஊழியர். என்னை ‘கோ’ என்று கூப்பிட்டார். அப்பாவின் தங்கையை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்களாம். கேட்டதும் எனக்கு அத்தை முறை கிடைத்துவிட்டது. புறப்படும்போதே ஒரு கட்டளை போட்டார்: அவருக்கு இருபது மீட்டர் பின்னால் வர வேண்டும், மணி அடிக்கக் கூடாது, அவர் கையைத் தூக்கினால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது கிலோமீட்டரில் கையைத் தூக்கினார். இறங்கி நின்றேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மேலே ஒரு கிளை லேசாக ஆடியது. அவர் விரல் காட்டிய இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்குள்ளிருந்து வெள்ளை வால் ஒன்று, கயிறு தொங்குவது போல நேராகத் தொங்கியது. அப்புறம் கறுப்புக் கால்கள், நீலச் சாயல் அடித்த முகம். கருங்கால் டூக் என்ற குரங்கு. வியட்நாமிலும் கம்போடியாவிலும் மட்டுமே வாழ்வது, அழிவின் விளிம்பில் இருப்பது. ஐந்து குரங்குகள் தளிரைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தன. அதே நேரம் ஒரு ஜீப் நிறையச் சுற்றுலாப் பயணிகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இன்ஜின் சத்தம் கேட்டதுமே குரங்குகள் பின்னால் நகர்ந்துவிட்டன. ஜீப்பில் இருந்தவர்கள் எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். தலைக்கு மேல் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்தக் காட்டுக்குள் சைக்கிளில்தான் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று. நான் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பின் பிரேக் பிடிக்கவில்லை. நாலு கிலோமீட்டர் போனபின் செயினும் கழன்றது. அவர் ஒரு குச்சியை வைத்துச் செயினை மாட்டி, பிரேக் கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

முதலை ஏரிக் கரையில் இரவு தங்கினீர்கள் என்று படித்ததும் பயந்துவிட்டேன். ஆபத்தில்லையா? நிஜமாகவே முதலை பார்த்தீர்களா?
– வாசகி, கும்பகோணம்

பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன் அந்த முதலைகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஏரியின் பெயர் பாவ் சாவ். பாவ் என்றால் குளம், சாவ் என்றால் முதலை. பெயரிலேயே முதலை இருந்தும், ஒரு கட்டத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு முதலைகூட இல்லை. அங்கே வாழ்ந்தது சயாம் முதலை, நன்னீரில் இருப்பது. தோலுக்காகக் கொன்றார்கள், பண்ணைகளில் வளர்க்க உயிரோடு பிடித்தார்கள். 1990கள் முடிவதற்குள் ஏரி காலியாகிவிட்டது.

திரும்பக் கொண்டுவருவதும் எளிதாக இல்லை. பண்ணைகளில் சயாம் முதலையைக் கியூபா முதலையோடும் உப்புநீர் முதலையோடும் கலந்து இனவிருத்தி செய்திருந்தார்கள். பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், உள்ளே கலப்பு. அதனால் மரபணுப் பரிசோதனை செய்து, கலப்பில்லாதவை என்று உறுதியான 60 முதலைகளை 2001 முதல் 2004 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏரியில் விட்டார்கள். அவை அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. 2005இல் இந்த ஏரியும் சுற்றியுள்ள வெள்ளச் சமவெளியும் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

நான் உடுமலைக்காரி. அமராவதி அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணை வந்தபோது பள்ளிச் சிறுமி. நீர்த்தேக்கக் கரையில் முட்டை பொறுக்கி வந்து பொரிக்கவைத்து வளர்ப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார், கூட்டிப்போய்க் காட்டியும் இருக்கிறார். நம்முடையது சதுப்புநில முதலை, அது வேறு இனம். ஆனாலும் பாவ் சாவ் கரையில் நின்றபோது எனக்கு அந்நிய ஊராகத் தோன்றவில்லை.

சரி, இரவு. கரையில் வனக்காவலர்களின் மர வீடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கட்டில், ஒரு கொசுவலை, சில மணி நேரம் மட்டும் விளக்கு. ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. வழிகாட்டி என்னைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டார். கரையிலிருந்து கொஞ்சம் விலகியதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். தண்ணீர் மட்டத்தில் ஒரு தணல் தெரிந்தது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். பக்கத்தில் இன்னொன்று. தாமரை இலைகளுக்கு நடுவே தள்ளி ஒரு ஜோடி. முதலையின் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் நம் கண்ணுக்கு நேராக இருந்தால்தான் அந்த ஒளி நமக்குத் திரும்பி வரும். அவர் நெற்றியில் வைத்துப் பிடித்தது அதற்காகத்தான். எண்ணினேன். பதினேழு ஜோடிக் கண்கள். ஒரு காலத்தில் ஒன்றுமே இல்லாத தண்ணீர் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழிகாட்டி கவனித்திருப்பார். டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆபத்து பற்றி: சயாம் முதலை பெரும்பாலும் மீனையும் சிறு பிராணிகளையும் தின்பது. சீண்டாத மனிதரைத் தாக்குவது அரிது. அதற்காக அலட்சியம் கூடாது. ஏரியில் கால் நனைக்காதீர்கள், படகின் விளிம்பில் கையைத் தொங்கவிடாதீர்கள், இருட்டியபின் தனியாகக் கரைக்குப் போகாதீர்கள்.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது? வால்பாறையில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.
– வாசகர், பொள்ளாச்சி

வால்பாறையில் பட்டவருக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. மழையில்லாத மாதங்களில் குறைவு, மழையில் நிறைய. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறையைப் பூங்காவிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். பேன்ட்டை அதற்குள் செருகிக் கட்டிவிடுங்கள்.

ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப் பக்கத்தில் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். அப்புறமும் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது, அதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி, மயிலாடுதுறை

நேராது. ‘ஆன் சாய்’ என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தர்கள் மாதத்தில் சில நாள் சைவம் சாப்பிடும் வழக்கம் இருப்பதால் அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெறும் கீரை வதக்கலில்கூட ‘நூக் மாம்’ என்ற மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். ‘நூக் மாம் வேண்டாம்’ என்பதை அவர்கள் மொழியில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் கிடைப்பதை நம்ப வேண்டாம். நான் இட்லிப் பொடியும் அவலும் கொண்டுபோனேன். சோற்றில் இட்லிப் பொடி போட்டுப் பிசைந்து கொடுத்ததும் வனக்காவலர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

என் மகன் ஆறாம் வகுப்பு. அங்கே ஜாவா காண்டாமிருகம் இருப்பதாக ஒரு பழைய புத்தகத்தில் படித்திருக்கிறான். பார்க்க முடியுமா?
– வாசகர், வேலூர்

தம்பி, நீ படித்தது அந்தப் புத்தகம் வந்த காலத்தில் உண்மை. இப்போது இல்லை.

ஆசியப் பெருநிலத்தில் அந்த இனம் அடியோடு போய்விட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1988இல் காட் தியென் பக்கத்தில் ஒரு வேட்டைக்காரர் ஒன்றைச் சுட்டபோதுதான் சில மிச்சம் இருப்பது தெரியவந்தது. செத்த பிறகுதான் இருப்பதே தெரிந்தது, பார். அவற்றுக்காகக் காட்டைக் காத்தார்கள், தடம் தேடினார்கள், சாணத்தைச் சேகரித்துப் பரிசோதித்தார்கள். 2010 ஏப்ரலில் கடைசிக் காண்டாமிருகத்தின் உடல் கிடைத்தது. காலில் குண்டு, கொம்பு அறுக்கப்பட்டிருந்தது. மறு வருடம் வியட்நாமில் இனி ஒன்றும் இல்லை என்று அறிவித்தார்கள். இப்போது உலகத்தில் அந்த இனம் இருக்கும் ஒரே இடம் இந்தோனேசியாவில், ஜாவா தீவின் மேற்கு முனையில் இருக்கும் உஜுங் குலோன் தேசியப் பூங்கா.

என் வழிகாட்டி சிறுவனாக இருந்தபோது, பெரியவர்கள் சேற்றில் அதன் கால்தடத்தைப் பார்த்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறார். அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மூன்று விரல் எப்படிப் பதியும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினார்.

ஹோ சி மின் நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? எப்படிப் போவது?
– வாசகர், சென்னை

திரும்பலாம், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். பூங்கா சுமார் 150 கிலோமீட்டர். தா லாத் போகும் பஸ்ஸில் ஏறி, தான் பூ என்ற ஊரில் இறங்கினால் அங்கிருந்து 24 கிலோமீட்டர். வாடகை வண்டி கிடைக்கும். கடைசியில் டோங்நாய் ஆற்றைப் படகில் தாண்ட வேண்டும், அக்கரைதான் பூங்கா. போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடும். மீதி அரை நாளில் ஏரிக்கு ஓடிப்போய் ஓடிவந்தால் வெயிலில் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். நகரத்தில் ஒரு காலைப் பொழுது கையில் இருந்தால், தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தியும் பூவுமாக வந்து கும்பிடுகிறார்கள்.

விசா இணையத்திலேயே கிடைக்கும். ஒரு முறை நுழைய 25 டாலர்.

எந்த மாதம் நல்லது?
– வாசகி, நாகர்கோவில்

டிசம்பர் முதல் மார்ச் வரை. மே மாதம் மழை பிடித்தால் நவம்பர் வரை விடாது. பாதை சேறாகிவிடும், அட்டையும் பெருகும்.

நான் போனது ஜனவரி. ஏரிக்கரையில் விடியற்காலை ஐந்தரைக்கு வழிகாட்டி கதவைத் தட்டி, ‘கோ ஓய்’ என்று கூப்பிட்டு எழுப்பினார். வெளியே பனிமூட்டம், தண்ணீரே தெரியவில்லை. தூரத்து மரங்களிலிருந்து கிப்பன் குரங்கின் பாட்டு வந்தது. முதலில் ஆண் தனியாக, அப்புறம் பெண் அதற்கு மேலே ஏறி, கடைசியில் இரண்டும் சேர்ந்து. ஆண் கறுப்பு, கன்னம் மட்டும் மஞ்சள். பெண் பொன்னிறம். குட்டி பொன்னிறத்தில் பிறந்து, கறுப்பாக மாறி, பெண்ணாக இருந்தால் வளர்ந்தபின் மறுபடி பொன்னிறம் ஆகுமாம். இதையெல்லாம் அவர்தான் சொன்னார். நான் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. வெயில் ஏறியதும் பாட்டு நின்றுவிட்டது.

வருகிற ஜனவரி கடைசியில் மறுபடியும் போகிறேன். இந்த முறை ஏரிக்கரையில் இரண்டு இரவு.