பேட்ஜுக்கு மதிப்பு இருக்குதுங்களா?

கேள்வி: ஏனுங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். காலேஜ் ஒண்ணுல சாயங்கால கோர்ஸ் முடிச்சதுக்கு சர்டிபிகேட் தராம டிஜிட்டல் பேட்ஜுன்னு ஒரு படத்த மெயில்ல அனுப்பிட்டாங்க. இத வெச்சு சூப்பர்வைசர் வேலை கேட்டா சிரிப்பாங்களா?
- வாசகர், அவிநாசி

பதில்: மொதல்ல அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பீராதீங்க, நெறைய பேரு அங்கதான் கோட்டை விடறாங்க. யாரு குடுத்தது, யாருக்கு, எப்ப, என்ன செஞ்சு காட்டுனதுக்குங்கற விவரமெல்லாம் அந்த பேட்ஜோடயே சேந்து இருக்கும், ஸ்க்ரீன்ஷாட்ல அதெல்லாம் போயிரும், அதனால லிங்க்க அனுப்புங்க, ஹெச்.ஆர். தொட்டுப் பாத்தா நெசமா பொய்யானு தெரிஞ்சிரும். ஃபயர்பாக்ஸ் பிரௌசர் பண்ற மொசில்லா 2011ல ஓப்பன் பேட்ஜஸ்னு ஆரம்பிச்சு விட்ட முறைங்க இது.

மதிப்புன்னு கேட்டீங்கன்னா, லிங்க்குக்குள்ள எதுக்காகக் குடுத்தாங்கனு எழுதியிருக்கறத படிங்க. வகுப்புக்கு வந்தாருன்னு மட்டும் இருந்தா அது கல்யாண வீட்டு தாம்பூலப் பைதான், வந்தவங்களுக்கெல்லாம் கிடைக்கும். துணியோட ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கறது) அளந்தாரு, 4 பாயிண்ட் சிஸ்டத்துல ஓட்டை, கறையெல்லாம் பாத்து பாயிண்ட் போட்டு ரிப்போர்ட் குடுத்தாருன்னு இருந்து, கூடவே அந்த ரிப்போர்ட்டும் இணைச்சிருந்தா ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு அதுவே போதும், இல்லீன்னா காலேஜ்ல கேட்டு சேக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க, காசு கட்டித்தானுங்க படிச்சீங்க.

டிகிரி, டிப்ளமோ கேக்கற எடத்துல இது ஈடாகாதுங்க. அப்புறம் பேட்ஜ் கம்பெனி மெயிலுக்கு வந்திருந்தா சொந்த மெயிலுக்கு மாத்திக்கோங்க, வேலை மாறுனா அந்த மெயிலே தொறக்காது.