சர்க்கரை நோயாளியின் கண்ணுக்குள் ஸ்டீராய்டு எதற்கு?

கேள்வி: என் தாயாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரையைச் சவ்வு இழுப்பதால், ஸ்டீராய்டின் துணையுடன் விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி எடுக்கும் அறுவை) செய்ய வேண்டும் என்கிறார் சேலத்து மருத்துவர். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடாதா? அறுவை முடிந்ததும் அவரை வீட்டுக்கு அழைத்து வரலாமா? – ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே, மாத்திரையாக உட்கொண்டால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் இந்த அறுவையில் அதன் முதன்மையான வேலை, கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டிக்கொடுப்பது. கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ் கண்ணாடிபோல் தெளிவானது என்பதால், நுண்ணோக்கியில் பார்த்தாலும் அது எங்கே மிச்சமிருக்கிறது என்று எளிதில் தெரியாது. டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டின் வெண்துகள்கள் நீரில் கரையாமல் அந்தக் கூழின் இழைகளில் ஒட்டிக்கொள்வதால், கருவி எதை வெட்டி எடுக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. சர்க்கரை நோயில் முளைக்கும் நலிந்த ரத்தக்குழாய்கள் இந்தக் கூழைப் பற்றியே படர்கின்றன. விட்டுவைத்த மெல்லிய படலம்கூட அவை மறுபடி படரப் பந்தலாகிவிடும். துகள்களில் பெரும்பகுதி அறுவையின்போதே உறிஞ்சி எடுக்கப்படுவதால், தாயாரின் சர்க்கரையைப் பற்றி இதன்பொருட்டுக் கலங்க வேண்டாம். எஞ்சும் துகள்களால் சிலருக்குக் கண் அழுத்தம் உயர்வதுண்டு. குடும்பத்தில் யாருக்கேனும் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. விழித்திரையை அழுத்திப் பிடிக்க, அறுவையின் முடிவில் கண்ணுக்குள் வாயு நிரப்புவதுண்டு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைய, வாயு விரிய முயலும். கண்ணின் சுவர் அதற்கேற்ப நெகிழாது. உள்ளழுத்தம் மிகுந்து விழித்திரைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டால் பார்வையே பறிபோகலாம். இதற்குப் பயன்படும் வாயுக்களில், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு கரைய ஏறத்தாழ இரண்டு வாரமும், பெர்ஃப்ளோரோபுரோப்பேன் கரைய ஆறு முதல் எட்டு வாரமும் ஆகும். வாயு முழுவதும் கரைந்துவிட்டதென்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ, தாயார் சேலத்திலேயே தங்கட்டும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுகூட ஏற வேண்டாம்.

வாயுவுக்குப் பதிலாகச் சிலிகான் எண்ணெய் வைத்தால் மலையேறத் தடையில்லை. ஆனால் அதை எடுப்பதற்குப் பெரும்பாலும் இன்னொரு அறுவை தேவைப்படும். ஆகவே வாயுவா, எண்ணெயா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு, அதற்கேற்பத் தங்குமிடத்தை ஏற்பாடு செய்யுங்கள்.