சுற்றித் திரும்பும் புள்ளிகள்: சில கேள்விகள்

ஒரு வெளியின் புள்ளிகளை அதே வெளிக்குள் அனுப்பும் தொடர்ச்சியான சார்புக்கு லெஃப்ஷெட்ஸ் எண் என்று ஒன்று உண்டு, அது பூச்சியம் இல்லையென்றால் நிலைப்புள்ளி (சார்பு இடம் மாற்றாத புள்ளி) உண்டு என்று படித்தேன். அந்த எண் 9 என்றால் 9 நிலைப்புள்ளிகள் இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. அந்த எண், ஒவ்வொரு நிலைப்புள்ளியின் குறியீட்டெண்ணையும் கூட்டிய தொகை. (தளத்தில் ஒரு நிலைப்புள்ளியைச் சுற்றி ஒருமுறை வரும்போது, நிற்கும் இடத்திலிருந்து சார்பு அனுப்பும் இடத்தைக் காட்டும் அம்பு எத்தனை முறை சுழல்கிறது என்பதே அதன் குறியீட்டெண்.) ஒரே புள்ளி பெரிய குறியீட்டெண்ணோடு உட்கார்ந்திருக்கலாம். கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

அப்படியானால் சார்பைத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது இந்த எண் எல்லையின்றி வளர்ந்தால்? காலமுறைப் புள்ளிகளும், அதாவது சில முறை செலுத்தியபின் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் புள்ளிகளும், முடிவில்லாமல் இருக்க வேண்டாமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெறும் தொடர்ச்சி மட்டும் இருந்தால், வேண்டாம். சிக்கலெண் தளத்தோடு முடிவிலிப் புள்ளியைச் சேர்த்து அதைக் கோளமாகப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கோணத்தை இரட்டிப்பாக்குங்கள், மையத்திலிருந்து உள்ள தூரத்தையும் இரட்டிப்பாக்குங்கள். லெஃப்ஷெட்ஸ் எண்கள் 3, 5, 9 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் மையத்தையும் முடிவிலியையும் தவிர எந்தப் புள்ளியும் ஒருநாளும் திரும்பி வராது, தூரம் கூடிக்கொண்டே போகிறதே! கணக்கு எப்படிச் சரியாகிறது? முடிவிலியின் பங்கு எப்போதும் 1. மையத்தின் பங்கு 2, 4, 8. முழு வளர்ச்சியையும் ஒரே புள்ளி விழுங்கிவிடுகிறது.

இந்தச் சார்புக்கு அந்த இரண்டு புள்ளிகளில் மட்டும் வகைக்கெழு கிடையாது. மற்ற எல்லா இடத்திலும் உண்டு. 1974-இல் கணிதவியலாளர்கள் ஷப், சல்லிவன் இருவரும் நிறுவியது என்னவென்றால், காம்பேக்ட் மேனிஃபோல்டில் (கோளம் போன்ற, எல்லைக்குள் அடங்கிய வழுவழுப்பான வெளியில்) வகைக்கெழு எங்கும் இருந்து, அது தொடர்ச்சியாகவும் இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. தனித்து நிற்கும் ஒரு புள்ளியின் குறியீட்டெண், சார்பை எத்தனை முறை செலுத்தினாலும் ஓர் எல்லைக்குள்ளேயே இருக்கும். காலமுறைப் புள்ளிகள் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் என்றால் கூட்டுத்தொகையும் எல்லைக்குள் நிற்க வேண்டும். ஆனால் நாம் எடுத்துக்கொண்டபடி அது எல்லையின்றி வளர்கிறது. ஆக, காலமுறைப் புள்ளிகள் முடிவில்லாதவை. இவ்வளவு சின்ன நிபந்தனை இவ்வளவு பெரிய பலனைத் தருவதை நான் வேறு எங்கும் எளிதில் கண்டதில்லை.

லெஃப்ஷெட்ஸ் எண்கள் எல்லாமே பூச்சியம் என்றால்?

எதுவும் சொல்ல முடியாது. வட்டத்தை விகிதமுறாக் கோணத்தில் சுழற்றினால் ஒரு காலமுறைப் புள்ளிகூட இல்லை. ஆனால் கோளத்தில் ஒவ்வொரு புள்ளியையும் நேரெதிர்ப் புள்ளிக்கு அனுப்பும்போது முதல் எண் மட்டுமே 0. இரண்டாம் முறையில் அது 2, எல்லாப் புள்ளிகளும் வீடு திரும்பிவிடுகின்றன.

டோரஸிலும் (வளைய வடிவப் பரப்பிலும்) வகைக்கெழு தேவையா?

தேவையில்லை. முதல் வரிசை 2, 1; அடுத்த வரிசை 1, 1 என்ற அணி தரும் சார்புக்கு நிலைப்புள்ளி 1. இருமுறை செலுத்தினால் 5, மும்முறைக்கு 16. தொடர்ச்சி கெடாமல் அந்தச் சார்பை எப்படி வளைத்தாலும் இந்த எண்ணிக்கைகள் குறையாது. அடிப்படைக் குலம், அதாவது புள்ளியாகச் சுருக்க முடியாத கண்ணிகளின் கணக்கு, இங்கே காவலுக்கு நிற்கிறது. கோளத்தில் அந்தக் காவல் இல்லை.

காலமுறைப் புள்ளிகளின் எண்ணிக்கை வளரும் வேகத்துக்கு மேல் எல்லை உண்டா?

ஆர்ட்டினும் மேசரும் 1965-இல் காட்டியபடி, தனித்த காலமுறைப் புள்ளிகளின் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தைத் தாண்டாத சார்புகள் எங்கும் அடர்த்தியாக உண்டு, அதாவது எந்தச் சார்புக்கும் எவ்வளவு அருகிலும் அப்படி ஒன்று கிடைக்கும். அதனால் பெரும்பாலான சார்புகள் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எவ்வளவு வேகம் கேட்டாலும் அதையும் மிஞ்சும் சார்புகள் இயல்பாகவே நிறைந்த பகுதிகள் இருப்பதைக் கலோஷின் பின்னர் நிறுவினார்.

கோளத்தில் படி 2 கொண்ட (கோளத்தைத் தன்மேலேயே இருமுறை சுற்றும்), தொடர்ச்சியான வகைக்கெழு உள்ள சார்புக்குக் குறைந்தது 2-இன் அடுக்குகள் வேகத்தில் புள்ளிகள் வளருமா?

ஷப் எழுப்பிய கேள்வி இது. முடிவில்லாமல் உண்டு என்பது தெரியும், வேகம்தான் பிடிபடவில்லை. கூடுதல் நிபந்தனைகளோடு விடைகள் வந்திருக்கின்றன. நுழைய விரும்புகிறவர்கள் முதலில் மேலே சொன்ன கோண இரட்டிப்புச் சார்பை மையத்தருகிலும் முடிவிலியருகிலும் கொஞ்சம் மழுப்பி வகையிடத்தக்கதாக மாற்றி, புதிய புள்ளிகள் எங்கே முளைக்கின்றன என்று கையால் கணக்கிட்டுப் பாருங்கள்.