காதலர் லண்டன் போகிறார், எனக்குத் திருகோணமலையை விட்டுப் போக மனமில்லை. காதலுக்காக நானும் போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் ஏன் போகவில்லை என்பதை அவரிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். நானும் திருகோணமலைதான், அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை. இதே இழுபறிக்குள் இருப்பதால் எழுதுகிறேன்.

2022இல் பெட்ரோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்தபோது என்னவர் லண்டன் கதையை எடுத்தார். அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று அப்போது சுற்றறிக்கையும் வந்தது. ஆகவே என் வேலை ஒரு தடையாகவே படவில்லை. பேச்செல்லாம் என் அம்மாவை யார் பார்ப்பது என்பதிலேயே சுற்றியது.

ஒருநாள் கோணேசர் கோயிலால் இறங்கி வருகிறோம். கோட்டைக்குள் நிற்கிற மான் ஒன்று என் பையிலிருந்த அர்ச்சனை வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்துத் தின்கிறது. "அம்மாவுக்கு ஆள் வைப்பம், நான் காசு அனுப்புறன்" என்று மறுபடி தொடங்கினார்.

"அம்மாவுக்காக இல்லை. எனக்கு இங்க இருக்கத்தான் விருப்பம்."

கோட்டை வாசல் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. நல்லாக வருத்தப்பட்டார். ஆனால் அன்றோடு பேரம் பேசுவது நின்றது, அம்மா மேல் இருந்த மனக்கசப்பும் போனது.

ஊரில் நிற்பவளைத் துணிச்சல் இல்லாதவள் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். என்னோடு படிப்பித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இந்த வேலையை நான் விரும்பித்தான் செய்கிறேன்.

அப்புறம், பாதை உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். "அவன் படிக்கப் போகட்டும், பிறகு உன்னைக் கூப்பிடுவான்" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். ஆய்வுப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புக்குப் பிரித்தானியா போகிற மாணவர் துணையைக் கூட்டிப்போக முடியாது. அங்கேயே குடியிருப்பவர் மனைவியைக் கூப்பிடுவதற்கான வருமான வரம்பையும் அதே வருடம் ஏப்ரலில் 18,600 பவுணிலிருந்து 29,000க்கு ஏற்றினார்கள். கிடைக்குமா என்றே தெரியாத விசாவுக்காக இப்போதே ஒருவரை ஒருவர் நோகடிக்க வேண்டாம்.

என்னவர் இப்போது அங்கே படிக்கிறார். போகுமுன் கல்யாண எழுத்தையாவது முடியுங்கள் என்று இரண்டு வீட்டிலும் நெருக்கினார்கள். எங்கே வாழ்வது என்று முடிவாகட்டும், பிறகு பதியலாம் என்று இருவரும் சேர்ந்தே சொல்லிவிட்டோம். நீங்களும் அந்தப் பேச்சு முடியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.